பதினேழு கிலோ நானூறு

எங்கள் குடியிருப்பில் நேரில் பார்த்தால் என்னை "மேடம்" என்பார்கள். நாலடி தள்ளிப் போனதும் "தராசு போகுது பாரு" என்பார்கள். எனக்குக் காது கேட்காது என்று நினைப்பு. முப்பத்தோரு வருடம் எடை அளவு ஆய்வாளராக இருந்தவளுக்கு இதைவிடப் பொருத்தமாக யார் பட்டப்பெயர் வைக்க முடியும்? கடை கடையாக ஏறி இறங்கித் தராசுகளைச் சோதிப்பது, சரியாக இருந்தால் முத்திரை குத்துவது, இல்லாவிட்டால் கையோடு தூக்கிக்கொண்டு வந்துவிடுவது, இதுதான் என் உத்தியோகம். "நூறு கிராம்தானே மேடம்" என்று பல்லிளித்தவர்கள் எத்தனையோ பேர். ஒருத்தருக்கும் நான் மசிந்ததில்லை.

ஓய்வு பெற்ற மறுவருடமே குடியிருப்புச் சங்கச் செயலாளர் பொறுப்பை என் தலையில் கட்டிவிட்டார்கள். கல்யாணம், குழந்தை குட்டி என்று எந்தப் பிடுங்கலும் இல்லாதவள், இவளுக்கு வேறு என்ன வேலை என்று நினைத்திருப்பார்கள். நாற்பத்தெட்டு வீடு, ஆறு மாடி, ஒரே ஒரு லிஃப்ட். அந்த லிஃப்டில்தான் எல்லாம் ஆரம்பித்தது. ஐந்தாம் மாடிக்காரர் வளர்த்த நாய் கன்றுக்குட்டி அளவு இருக்கும். லிஃப்ட் கதவு திறந்ததும் வெளியே பாய்ந்து ஒரு பிள்ளைத்தாய்ச்சிப் பெண்ணைக் கீழே தள்ளிவிட்டது. அவள் தலையில் ஆறு தையல். வயிற்றுக்கு ஒன்றுமில்லை என்று டாக்டர் சொல்லும் வரை எங்களில் யாரும் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. அடுத்த கூட்டத்தில் பாதிப் பேர் எழுந்து நின்று, நாய், பூனை, கிளி, ஆமை எதுவுமே இனி இங்கே கூடாது என்று கத்தினார்கள். ஆமை என்ன பாவம் செய்தது என்று ஒருவர் கேட்டதற்கு, "அதுக்கு மட்டும் என்ன தனிச் சலுகை?" என்று பின்வரிசையிலிருந்து பதில் வந்தது.

நான்தான் குறுக்கே விழுந்து தடுத்தேன். விதி எழுதித் தருகிறேன், விதிப்படி வளர்க்கட்டும் என்றேன். நாலு நாள் உட்கார்ந்து பதினான்கு விதிகள் எழுதினேன். தடுப்பூசிச் சீட்டு, கழுத்தில் எண் போட்ட பித்தளை வில்லை, பொது இடத்தில் கயிறு, அசிங்கம் செய்தால் அள்ள வேண்டியது யார், எல்லாம் அதில் உண்டு. ஒன்பதாவது விதி, நாயின் எடை பதினைந்து கிலோவைத் தாண்டக் கூடாது என்பது. பத்து வயதுப் பிள்ளை கயிற்றைப் பிடித்தாலும் இழுத்துக்கொண்டு ஓட முடியாத எடை அது. பத்தாவது விதி, ஏற்கெனவே இருக்கும், யாரையும் தாக்காத நாய்களுக்கு விலக்கு. ஆனால் எவர் பெயரில் பதிவோ, அவர் இங்கே வசிக்கும் வரைக்கும்தான். வீட்டை விற்றுவிட்டுப் போகிறவர்கள் நாயையும் சேர்த்துக் கைமாற்றிவிடக் கூடாதே என்று அந்த வரியைச் சேர்த்தேன். எல்லோரும் கைதட்டினார்கள். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது. அந்த வரியை எழுதும்போது சாவு என் ஞாபகத்திலேயே இல்லை.

இரண்டாம் மாடித் தையல்காரரின் மனைவி மூன்றே நாள் காய்ச்சலில் போய்ச் சேர்ந்தாள். என்னை "அக்கா" என்று வாய் நிறையக் கூப்பிடுகிற ஒரே ஆள் அவள்தான். ஒரு மாதம் கழித்துக் குடியிருப்போர் பட்டியலில் அவள் பெயரை அடித்தேன். அடித்த கையோடு விலங்குப் பதிவேட்டையும் எடுத்துப் புரட்டினேன். அங்கே அவள் பெயர் இருந்தது. நாய், பெண், வயது ஒன்பது, பெயர் பூசணி. நான் கண்ணை மூடிக்கொண்டு அதை மூடி வைத்திருந்தால் இந்தக் குடியிருப்பில் ஒரு ஈ காக்காய்க்கும் தெரிந்திருக்காது. நான் அப்படி வளர்ந்தவள் இல்லை.

அன்று சாயங்காலமே இரண்டாம் மாடிக்குப் போனேன். கூடத்தில் இரண்டு தையல் இயந்திரங்கள் எதிரெதிராக இருந்தன. ஒன்றின் மேல் துணி போட்டு மூடியிருந்தது. இன்னொன்றில் அவர் கால் மிதித்துக்கொண்டிருக்க, அந்தக் காலை ஒட்டி வெட்டுத்துணிக் கூடையில் பூசணி படுத்திருந்தது. குட்டியாக அந்தக் கூடைக்குள்தான் வந்து ஒளிந்ததாம். இப்போது பாதி உடம்பு வெளியே வழிந்தது.

"உக்காருங்க மேடம்," என்று எழுந்தார்.

உட்காரவில்லை. வந்த விஷயத்தை நின்றபடியே சொன்னேன். "பதிவு உங்க வீட்டம்மா பேர்ல இருக்கு. இனி அது செல்லாது. உங்க பேர்ல புதுசாப் பதியணும். புதுசுன்னா பதினஞ்சு கிலோ கணக்கு வந்துடும்."

அவர் நாயைக் குனிந்து பார்த்தார். "இவ அதுக்கு மேல இருப்பாளே."

"இருந்தா இங்க வெச்சிருக்க முடியாது."

கொஞ்ச நேரம் கழுத்தில் தொங்கிய அளவு நாடாவைச் சுருட்டினார், பிரித்தார், மறுபடியும் சுருட்டினார். "ஆஸ்பத்திரியில அவ கடைசியாச் சொன்னதே இவளப் பத்திதான் மேடம். 'பூசணியப் பட்டினி போட்டுடாதீங்க'ன்னா. நான் சாப்பிட்டேனான்னு ஒரு வார்த்தை கேக்கல பாருங்க." சிரிக்கப் பார்த்தார், வரவில்லை. "எனக்குப் பிள்ளைங்க இல்ல. இவளயும் அனுப்பிட்டா இந்த வீட்ல நான் யார்கூடப் பேசுவேன்?"

மூடி வைத்திருந்த அந்த இயந்திரத்தை ஒரு தடவை திரும்பிப் பார்த்தேன். ஆனாலும், "பத்து வாரம் டைம் தரேன். எடையக் குறைங்க. ஞாயித்துக்கிழமை காலையில ஏழு மணிக்குப் பார்சல் ரூமுக்குக் கூட்டிட்டு வாங்க," என்று சொல்லிவிட்டு இறங்கிவிட்டேன்.

சங்கத் தலைவர் பல் டாக்டர். விஷயம் காதில் விழுந்ததும் என்னைக் கூப்பிட்டார். "ரெண்டு ரெண்டரை கிலோதான் கூட இருக்கும். பாத்தும் பாக்காத மாதிரி விட்டுடுங்களேன் மேடம். பாவம், மனுஷன் இப்பதான் பொண்டாட்டியப் பறிகொடுத்திருக்காரு."

"இன்னைக்கு ரெண்டு கிலோன்னு விட்டா நாளைக்கு அஞ்சாம் மாடி இருபது கிலோவோட வந்து நிப்பாரு. அந்தப் பொண்ணு தலையில போட்ட தையல மறந்துட்டீங்களா?" என்றேன். அவர் வாயைத் திறக்கவில்லை. வாயைத் திறக்க வைப்பதே தொழிலாகக் கொண்டவரை வாயடைக்க வைத்துவிட்டேன் என்று அன்று எனக்கு உள்ளூரக் கர்வம்.

வாசல் கேட்டை ஒட்டிய பார்சல் ரூமில் மேடை போட்ட எடை இயந்திரம் ஒன்று உண்டு. முதல் ஞாயிறு வீட்டிலிருந்து என் பழைய ஐந்து கிலோ படிக்கற்களைக் கொண்டுபோய் முதலில் அதைச் சோதித்தேன். மயிரிழை பிசகில்லை. ஆனால் பூசணி மேடையில் நிற்க மறுத்துவிட்டது. ஏற்றினால் குதித்தது, உட்கார வைத்தால் ஒரு காலைத் தரையில் ஊன்றியது. "கடைக்காரங்க பண்ற அதே திருட்டு," என்றேன். தையல்காரர் அன்றுதான் முதல் முறையாக வாய்விட்டுச் சிரித்தார். கடைசியில் நாயை இரண்டு கையாலும் அணைத்துத் தூக்கிக்கொண்டு அவரே மேடையில் ஏறினார். எண்பது கிலோ அறுநூறு. பிறகு நாயை இறக்கிவிட்டு அவர் மட்டும் நின்றார். அறுபத்து மூன்று இருநூறு. இதை அதிலிருந்து கழித்தேன். பதினேழு கிலோ நானூறு. நோட்டில் கோடு கிழித்து மூன்று காலம் போட்டேன். இருவரும், ஆள், நாய்.

அப்புறம் ஒவ்வொரு ஞாயிறும் இதே வேலை. அவர் சோற்றைப் பாதியாக்கினார், ரொட்டியை நிறுத்தினார், காலையும் மாலையும் கட்டடத்தைச் சுற்றிப் பத்துச் சுற்று நடந்தார். அவரால் முடியாத நாளில் நான் கயிற்றைப் பிடித்தேன். ஜென்மத்தில் ஒரு நாயைத் தொட்டவள் இல்லை நான். முதல் நாள் அது என் செருப்பை முகர்ந்துவிட்டு, சரி வா, உன்னோடு வருகிறேன் என்பது போல முன்னால் நடந்தது. இரண்டாவது வாரமும் மூன்றாவது வாரமும் பதினேழு முந்நூறிலேயே நின்றது. தையல்காரர் முகத்தில் ஈயாடவில்லை.

"பூசணி உங்களச் சுத்தி வந்து பிச்சை கேக்குதா? ஏதாச்சும் போடுறீங்களா?" என்று வாட்ச்மேனிடம் விசாரித்தேன். அவர் காதைத் தொட்டுச் சத்தியம் செய்தார்.

நான்காவது வாரம் பதினேழு. ஐந்தாவது வாரம் பதினாறு அறுநூறு. எனக்குச் சந்தேகம் வந்தது, ஏன் பொய் சொல்ல வேண்டும்? மூன்று வாரம் அசையாதது திடீரென்று எப்படி இறங்கும்? மறுபடியும் வீட்டுக்குப் போய்ப் படிக்கற்களைத் தூக்கி வந்து இயந்திரத்தைச் சோதித்தேன். இயந்திரம் சரியாக இருந்தது. தராசில் கோளாறோ என்று பார்க்கத் தோன்றிய எனக்கு, நாயிடம் கோளாறோ என்று பார்க்கத் தோன்றவில்லை. முப்பத்தோரு வருட அனுபவம் என்னை அவ்வளவு தூரம்தான் கொண்டுவந்து விட்டிருந்தது.

"இவளுக்கே புரிஞ்சிருச்சுக்கா," என்றார் தையல்காரர். மேடம் எப்போது அக்காவானது என்று இரண்டு பேருக்குமே தெரியாது. "நான் வைக்கிறதே பாதி. அதுலயும் பாதிய விட்டுட்டு எழுந்து போயிடுறா. தண்ணி மட்டும் குடம் குடமாக் குடிக்கிறா."

"தண்ணி நல்லதுதான் தம்பி. பசிய அடக்கும்," என்றேன் நான். எனக்கு என்ன தெரியும்? ஆனாலும் சொன்னேன்.

அவர் அளவு நாடாவை எடுத்து அதன் மார்பைச் சுற்றிப் பிடிப்பார். "முக்கால் இஞ்சு குறைஞ்சிருக்கு," என்பார். அதற்குத் தானே தைத்துப் போட்டிருந்த மார்புப் பட்டையை அன்றைக்கே பிரித்து அளவு குறைத்து மறுபடி தைப்பார். நான் நிறுப்பேன், அவர் அளப்பார். அளப்பதையே தொழிலாகக் கொண்ட இரண்டு கிழடுகள் ஒரு நாயைச் சுற்றி மண்டியிட்டு, குறைகிறது குறைகிறது என்று குதூகலித்துக்கொண்டிருந்தோம். பதினாறு முந்நூறு. பதினைந்து எண்ணூறு. பதினைந்து முந்நூறு. ஏழு மணிக்குப் பார்சல் ரூம் வாசலில் நாலைந்து பேர் வேடிக்கை பார்க்கக் கூடிவிடுவார்கள். எண்ணை நான் உரக்கச் சொன்னதும் கைதட்டல் எழும். தலையில் தையல் போட்ட பெண்ணே ஒரு வாரம் கைக்குழந்தையோடு வந்து நின்று, "சூப்பர் பூசணி, விட்டுடாத" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை என்றால் எனக்கு ஆறு மணிக்கே விழிப்பு வந்துவிடும். யாரோ எனக்காகக் காத்திருக்கிறார்கள் என்ற எண்ணம் அந்த வயதில் எனக்குப் புதிது.

ஒன்பதாவது ஞாயிறு இருவரும் எழுபத்திரண்டு தொள்ளாயிரம். ஆள் ஐம்பத்தெட்டு. நாய் பதினான்கு தொள்ளாயிரம்.

இன்னும் ஒரு வாரம் மிச்சமிருக்கும்போதே ஜெயித்துவிட்டோம். பதிவேட்டில் அவர் பெயரை எழுதிக் கையெழுத்து வாங்கினேன். பதினேழாம் எண் பித்தளை வில்லையை நானே பூசணியின் கழுத்தில் மாட்டினேன். தையல்காரர் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டு தோள் குலுங்க அழுதார். "இனி யாரும் உன்ன ஒண்ணும் சொல்ல முடியாதுடி," என்றார் அதனிடம். பூசணி தரையில் படுத்து, கண்ணை மட்டும் உயர்த்தி எங்களைப் பார்த்தது. நடந்து களைத்துவிட்டது என்று நினைத்தேன்.

மறுநாள் காலை அவர் என் வீட்டுக் கதவைத் தட்டினார். "அக்கா, எழுந்திருக்க மாட்டேங்குறா."

இரண்டு தெரு தள்ளிக் கால்நடை மருத்துவமனை. அவர் நாயைத் தூக்கிக்கொண்டு நடக்க, நான் பின்னால் ஓடினேன். கைப்பையில் எடை நோட்டு இருந்தது. டாக்டர் சின்ன வயதுப் பெண். வயிற்றை அமுக்கிப் பார்த்தாள், ஈறைத் தூக்கிப் பார்த்தாள், ரத்தம் எடுத்து உள்ளே கொடுத்து அனுப்பினாள்.

"எடை எப்பலேர்ந்து குறையுது?" என்று கேட்டாள்.

நோட்டை எடுத்துக் கொடுத்தேன். அவள் மூன்றாவது காலத்தில் விரலை வைத்து மேலிருந்து கீழே இறங்கினாள். நான்காவது வாரத்தில் விரல் நின்றது.

"இங்கேர்ந்து சாப்பாட்ட வெறுத்திருக்குமே? தண்ணி நெறையக் குடிச்சிருக்குமே?"

"ஆமா," என்றோம் இருவரும் ஒரே குரலில்.

"ரெண்டு கிட்னியும் போயிருக்கு. ஒரு மாசம் முன்னாடி கூட்டிட்டு வந்திருந்தா சாப்பாட்ட மாத்தி, மருந்து குடுத்து, ஒரு வருஷம் ரெண்டு வருஷம்கூட ஓட்டியிருக்கலாம்." நோட்டை மூடித் திருப்பிக் கொடுத்தாள். "இவ்வளவு சுத்தமா யாரும் எழுதிட்டு வந்து நான் பாத்ததில்ல. நோய் அப்படியே தெரியுது. ஒருத்தருக்கும் சந்தேகம் வரலையா?"

கோபமாகக் கேட்டிருந்தால் பரவாயில்லை. அவள் நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். கைதட்டினோம் டாக்டர் என்று எப்படிச் சொல்வேன்? நிறுத்துப் பார்த்து, எழுதிவைத்து, அது சாகச் சாகக் கைதட்டினோம். தையல்காரர் நாயின் காதைத் தடவிக்கொண்டே இருந்தார். திட்டினாலாவது வாங்கிக்கொண்டு போயிருப்பேன். அவர் திட்டவில்லை.

அதற்கப்புறம் பதினோரு நாள் இருந்தது. அவர் தையலை மூடி வைத்துவிட்டு, தரையில் அதன் பக்கத்திலேயே படுத்துக் கிடந்தார். சோறு, முட்டை, ரொட்டி, பால் என்று அதன் முன்னால் வைத்தபடி இருந்தார். நானும் கறி வேகவைத்துக் கொண்டுபோனேன். நான் வாழ்க்கையில் கறி சமைத்தவள் இல்லை. பூசணி எல்லாவற்றையும் மரியாதைக்கு ஒரு தடவை முகர்ந்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டது. பன்னிரண்டாம் நாள் காலையில் வெட்டுத்துணிக் கூடைக்குள் தலையை வைத்தபடி போய்விட்டது. இப்போது அது முழுசாகக் கூடைக்குள் அடங்கியிருந்தது.

அடுத்து வந்த ஞாயிற்றுக்கிழமை ஏழு மணிக்கு என் கால் என்னைப் பார்சல் ரூமுக்கு இழுத்துக்கொண்டு போனது. பழக்கம், வேறென்ன. நாற்காலியில் உட்கார்ந்திருந்தபோது தையல்காரர் வந்தார். துடைத்துப் பளபளப்பாக்கிய பித்தளை வில்லையை மேசைமேல் வைத்தார்.

"நாய் தவறினா ஏழு நாளுக்குள்ள வில்லையத் திருப்பிக் குடுக்கணும்னு பதினாலாவது விதியில இருக்குதுக்கா."

இருக்கிறது. நான்தான் எழுதினேன். வில்லையை எடுக்க என் கை வரவில்லை.

"தம்பி, அன்னைக்குத் தலைவர் சொன்னப்பவே விட்டுத் தொலைச்சிருக்கலாம். ரெண்டு கிலோ நானூறு. அதுக்காக நான்..." குரல் உடைந்துவிட்டது. "என்ன மன்னிச்சுடுங்கன்னு கேக்கக்கூட வாய் வரல."

"நீங்க மட்டுமா? நானுந்தான் நாடாவும் கையுமா நின்னேன்." எடை இயந்திரத்தின் பக்கம் திரும்பினார். "மொத நாள் எவ்வளவு இருந்தாக்கா?"

நோட்டைப் பார்க்கத் தேவையே இல்லை. "பதினேழு கிலோ நானூறு."

"அவ என்கிட்ட விட்டுட்டுப் போனது அவ்வளவு." தலையை ஆட்டிக்கொண்டார். "பட்டினி போட்டுடாதீங்கன்னு சொல்லித்தான் குடுத்துட்டுப் போனா."

அதற்குமேல் அவரைப் பார்க்க முடியாமல் நோட்டைத் திறந்து குனிந்துகொண்டேன். பக்கம் கண்ணீரில் மங்கலாகத் தெரிந்தது. துடைத்துக்கொண்டு பார்த்தேன். அத்தனை வாரமும் நான் படித்தது மூன்றாவது காலத்தை மட்டும்தான். அன்றைக்குத்தான் நடுவில் இருந்த காலம் கண்ணில் பட்டது. அறுபத்து மூன்று இருநூறு. அறுபத்திரண்டு நானூறு. அறுபத்தொன்று ஐநூறு. அறுபது எண்ணூறு. அப்படியே இறங்கி இறங்கி, ஐம்பத்தெட்டு. எல்லாம் என் கையெழுத்து. ஒவ்வொரு வாரமும் அந்த மனுஷனை நிறுத்து, எழுதி, கழித்துத் தள்ளிவிட்டுத்தான் நாயைக் கணக்கில் எடுத்திருக்கிறேன்.

தலையை நிமிர்த்தினேன். சட்டைக் காலருக்குள் அவர் கழுத்து தனியாக நின்றது. தன் சட்டையைத் தானே தைக்கிறவர், அதை மட்டும் அளவு குறைக்காமல் விட்டிருந்தார்.

"நீங்க சாப்பிடுறீங்களா தம்பி?"

"ஏதோ." தரையைப் பார்த்தார். "அவளுக்குப் பாதிய வெச்சுட்டு நான் மட்டும் எப்படிக்கா முழுசாச் சாப்பிடுறது? அப்படியே பழகிடுச்சு."

"டாக்டர்கிட்ட போறோம். இன்னைக்கே. அதுக்கு முன்னாடி இதுல ஒரு தடவ ஏறி நில்லுங்க."

"எதுக்குக்கா? அதான் இவ போயிட்டாளே."

"ஏறுங்கன்னா ஏறுங்க."

செருப்பைக் கழற்றிவிட்டு மேடையில் ஏறி நின்றார். நான் நோட்டில் புதுப் பக்கம் திருப்பி, ஒரே ஒரு காலம் போட்டு, எண்ணைப் பார்க்க நிமிர்ந்தேன். முழங்கையை மடித்து, இரண்டு கைகளையும் மார்போடு சேர்த்து, எதையோ அணைத்துத் தூக்கியிருக்கிற மாதிரியே நின்றுகொண்டிருந்தார்.

"கையக் கீழ விடுங்க தம்பி," என்றேன்.

அவர் விடவில்லை.